பிழைக்கப் போகிறவர்களின் அடையாளமும் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் விண்ணப்பம் நிரப்பித் தரும் சிறு கடை நடத்துகிறேன். காலையில் என் மேசைக்கு எதிரே உட்காருகிறவர் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகத் தயாராகும் நம் ஊர்ப் பெண்ணாக இருப்பார். மாலையில் அதே நாற்காலியில், வங்கிக் கணக்குப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று தெரியாமல் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் உட்கார்ந்திருப்பார். இருவர் மனதிலும் ஒரே கவலைதான். நான் யார், என் பெயர் என்ன, எந்த ஊர், என்ன மொழி என்பதெல்லாம் என் பிழைப்பை எந்த அளவுக்குத் தீர்மானிக்கும்?

என் குடும்பமும் கடல் கடந்து பிழைக்கப் போய்த் திரும்பி வந்த குடும்பம். அதனால் இந்தக் கேள்விகளைச் சும்மா கேட்டுவிட்டு விட முடியவில்லை. பதினான்கு வருடங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும், படித்தும் பார்த்தும் நான் அறிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இன அடையாளம் என்று எதைச் சொல்கிறீர்கள்? சாதியா, மொழியா, நாடா?

எல்லாம் கலந்ததுதான். எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். அமெலி கான்ஸ்டன்ட், கிளாஸ் சிமர்மன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் ஜெர்மனியில் குடியேறியவர்களை ஆராய்ந்தபோது ஐந்து இழைகளைப் பார்த்தார்கள்: பேசும் மொழி, பண்பாட்டுப் பழக்கங்கள், யாரோடு பழகுகிறார் என்பது, இடம்பெயர்ந்து வந்த வரலாறு, தன்னை யாராக நினைக்கிறார் என்பது. இந்த அளவுகோலுக்கு எத்னோசைசர் என்று பெயர்.

ஜெர்மனிவரை போக வேண்டாம். சேலத்தில் ஒரு சௌராஷ்டிர நெசவாளர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அடுப்படியில் சௌராஷ்டிர மொழி, தெருவில் தமிழ், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். எந்த ஊர் என்று கேட்டால் தயங்காமல் "சேலம்" என்பார்கள். ஐந்து இழைகளும் ஒரே திசையில் ஓட வேண்டிய அவசியம் இல்லை என்பதற்கு அந்த வீடே சாட்சி.

இன்னொரு பக்கமும் உண்டு. நீங்கள் உங்களை யாராக நினைத்தாலும் மற்றவர்கள் உங்கள்மேல் ஒரு பெயரை ஒட்டிவிடுவார்கள். சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களில் மூத்தவரின் வழியினர் என்று தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் வெளியூரில் வேலைக்குப் போகும்போது சாதிச் சான்றிதழைப் பார்த்தவுடன், "கேரளாவா நீங்கள்?" என்று கேட்கிறார்கள். தான் யார் என்று விளக்கியே பாதி நேர்காணல் தீர்ந்துபோன ஒரு மலைக்கிராமத்துப் பெண்ணுக்கு நான் விண்ணப்பம் நிரப்பித் தந்திருக்கிறேன். வேலைச் சந்தையில் முதலில் விலை போடப்படுவது பெரும்பாலும் இப்படி மற்றவர்கள் ஒட்டிய பெயருக்குத்தான்.

போன இடத்தில் நம் அடையாளத்தை விட்டுவிட்டால்தான் முன்னுக்கு வர முடியுமா?

என் மேசையில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பெற்றோர் இதைப் பயத்தோடு கேட்கிறார்கள், பிள்ளைகள் ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டே கேட்கிறார்கள்.

இடம்பெயர்ந்தவர் நான்கு நிலைகளில் ஒன்றில் போய் நிற்பார் என்று கனடாவின் உளவியலாளர் ஜான் பெர்ரி வகுத்தார். பழையதை விட்டுப் புதிய சமூகத்தில் கரைந்துவிடலாம். பழையதையும் விடாமல் புதியதிலும் கலந்து பழகலாம். புதியதில் ஒட்டாமல் தன் கூட்டத்துக்குள்ளேயே ஒதுங்கி இருக்கலாம். இரண்டிலும் ஒட்டாமல் நடுவில் தொங்கலாம். கான்ஸ்டன்ட்டும் சிமர்மனும் இதே நான்கு நிலைகளை வைத்து ஜெர்மனியின் தரவுகளைப் பார்த்து 2009-இல் வெளியிட்ட முடிவு பலரும் எதிர்பார்க்காதது. இரண்டு பக்கமும் கால் ஊன்றிய பெண்கள், முழுவதும் கரைந்துவிட்ட பெண்களைவிட அதிகமாக வேலைக்குப் போனார்கள். ஆண்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு கிடைக்கும் சம்பளத்தைப் பொறுத்தவரை, மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தால், அடையாளம் குறிப்பிடத்தக்க வித்தியாசத்தை உண்டாக்கவில்லை.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அடையாளம் பெரிதாக வேலை செய்வது வாசலில்தான். உள்ளே போவோமா, போக நமக்கு மனம் வருமா, நம்மை உள்ளே விடுவார்களா என்பதில்தான். பொட்டு வைத்துக்கொள்வதும் வீட்டில் தமிழ் பேசுவதும் யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. அந்த ஊர் மொழி தெரியாமலும், அந்த ஊரில் நாலு பேரைத் தெரியாமலும் இருப்பதுதான் நிறுத்துகிறது. பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, விட வேண்டாததை விட்டுவிட்டுக் கற்க வேண்டியதைக் கற்காமல் போகிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

பெயரைப் பார்த்தே விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவார்களா?

ஒதுக்குகிறார்கள். கனடாவில் பொருளியல் பேராசிரியர் பிலிப் ஒரியோபோலஸ், டொரொன்டோ பகுதி நிறுவனங்களுக்குச் சுமார் 6,000 போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார். படிப்பும் அனுபவமும் கனடாவிலேயே பெற்றவை, பெயர் மட்டும் வேறு. ஆங்கிலப் பெயர் இருந்த விண்ணப்பங்களில் 100-க்கு 16 பேருக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு 100-க்கு 11 பேருக்குத்தான் வந்தது.

இதைச் சொன்னதும் வெள்ளைக்காரர்களைத் திட்டத் தொடங்குகிறவர்களிடம் அடுத்ததையும் சொல்லிவிடுவேன். சுகதேவ் தோரட்டும் பால் ஆட்வெல்லும் இந்தியாவில் இதே முறையில், ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பங்களை அனுப்பி, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். தகுதி ஒன்றாகவே இருந்தும், உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கும்தான் இருந்தது. கடல் கடக்காமல், மாநிலம்கூட மாறாமல், சொந்த நாட்டிலேயே பெயர் ஒருவரை வெளியாள் ஆக்கிவிடுகிறது.

அப்படியானால் பெயரை மாற்றிக்கொள்ளலாமா?

ஸ்வீடனில் ஆசிய, ஆப்பிரிக்க, ஸ்லாவியப் பெயர்களை விட்டுவிட்டு அந்நாட்டுச் சாயலுள்ள பெயர்களை வைத்துக்கொண்டவர்களின் வருமானம் கூடியதாக 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. பலன் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஆனாலும் என்னிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தவறு பெயரைப் பார்த்து ஒதுக்குகிறவருடையது. அதற்குப் பெயர் வைத்த தாத்தா ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் ஒரு இனிஷியல், பிறகு பெயர், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், கல்லூரிச் சான்றிதழில் பின்னால், ஆதாரில் இனிஷியலே இல்லை, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. இந்த நான்கையும் ஒரே ஆள் என்று ஒரு வெளிநாட்டு அலுவலரை நம்ப வைக்க எத்தனை பிரமாணப் பத்திரங்கள் எழுதியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் உள்ளே விட மாட்டோம் என்று அறிவித்தபோது இங்கே பல வீடுகளில் டிக்கெட் எடுத்துவிட்டுத் தவித்தார்கள். பிறகு தந்தை பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் ஏற்றுக்கொள்வதாக விளக்கம் வந்தது. எனவே பெயரை மாற்ற வேண்டாம். தந்தை பெயரை விரித்து, எல்லாச் சான்றிதழ்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில், ஒரே வரிசையில் இருக்கும்படி செய்யுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

ஓர் ஊர்க்காரர்கள் எல்லாம் ஒரே தொழிலில் குவிவது ஏன்?

முதலில் போனவர் அடுத்தவரை அழைப்பதால். மத்தியப் பிரதேசத்து மண்டசோரில் கி.பி. 473-இல் வெட்டப்பட்ட ஒரு கல்வெட்டு இருக்கிறது. தெற்கு குஜராத் பகுதியான லாட நாட்டிலிருந்து அங்கே குடியேறிய பட்டு நெசவாளர் குழுவைப் பற்றியது. கூட்டமாக வந்தார்கள், பட்டு நெய்து பொருள் ஈட்டினார்கள், சூரியனுக்குக் கோவில் கட்டினார்கள். அவர்களில் சிலர் தறியை விட்டுவிட்டு வில்வித்தை, சோதிடம் என்று வேறு வழிகளில் போனதையும் அந்தக் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி. சேலத்து வணிகப் பகுதியான செவ்வாய்ப்பேட்டையில் நின்று பார்க்கிறவருக்குப் புதிதாகத் தோன்றாது.

ஒரே கூட்டமாக இருப்பதில் பெரிய நன்மை உண்டு. வந்த அன்றே படுக்க இடமும் மறுநாளே வேலையும் கிடைக்கும். ஸ்வீடன் அரசு 1980-களில் அகதிகளை நாடு முழுவதும் தானே பிரித்துக் குடியமர்த்தியது. யார் எங்கே போவது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்காததால் அது ஆய்வாளர்களுக்குத் தெளிவான சான்றாக அமைந்தது. தன் இனத்தவர் அதிகமாக இருந்த இடத்தில் விழுந்தவர்கள், அதிலும் படிப்புக் குறைந்தவர்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று 2003-இல் முடிவு வந்தது.

தீமையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் மும்பை தாதர் பகுதியில் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமானது. ஆலை, துறைமுகம் போன்ற இடங்களில் சாதிக்காரர்கள் மூலம் ஆண்களுக்கு வேலை உறுதியாகக் கிடைத்துவந்ததால், பையன்களைத் தொடர்ந்து மராத்தி வழிப் பள்ளியில் சேர்த்தார்கள். பெண்களுக்கு அந்த வலை எப்போதும் இல்லை. அதனால் பெண்பிள்ளைகள் ஆங்கில வழிப் படிப்புக்கு மாறி, புதிய பொருளாதாரம் வந்தபோது முந்திக்கொண்டார்கள். தாங்கிப் பிடித்த வலையே பையன்களை நகரவிடாமல் வைத்துக்கொண்டது.

கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சிவதாபுரம் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு ஆவண வேலையாகப் போயிருந்தேன். தாழ்ந்த கூரை, சுவரோரம் வரிசையாக உட்கார்ந்த ஐந்து பேர், நடுவில் சுடர். அவர்களில் ஒருவர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர், இருபத்திரண்டு வயது இருக்கலாம். கண்ணிகளை இடுக்கியால் சேர்த்துப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்தார். சுடர் ஒரு கண்ணியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் நேரம் அவர் மூச்சுக்குத் தெரிந்திருந்தது. "கண்ணி", "அரும்பு", "திருகு", "மெருகு" என்று ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்டிச் சுத்தமான தமிழில் சொன்னார். இரண்டு வருடங்களாக இங்கே இருக்கிறாராம். கூலி எப்படி, மாதக் கணக்கா எடைக் கணக்கா என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் தன்னை அழைத்து வந்தவரைக் கைகாட்டினார். தொழிலின் சொற்கள் அத்தனையும் அவரிடம் இருந்தன. தன் கூலியைப் பற்றிப் பேசத் தமிழ் இல்லை, அதற்கு ஆள் வேறு. ஊர்க்காரர் வலை முதல் வேலையைத் தந்துவிடும். இரண்டாவது வேலைக்கும் சம்பள உயர்வுக்கும் அந்த வலைக்கு வெளியே கை நீட்ட வேண்டும்.

சொந்த ஊர்க்காரரிடம் வேலைக்குச் சேர்வது பாதுகாப்பா?

முதல் ஆறு மாதத்துக்குப் பெரும்பாலும் ஆம். பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுக்காதீர்கள். முன்பணம் வாங்கினால் எழுதி வாங்குங்கள். சம்பளம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில்தான் விழ வேண்டும். "நம்ம ஆள்தானே" என்று சொல்லிச் சொல்லியே அதிகமாக ஏமாற்றப்பட்டவர்கள் நாம்.

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?

கங்காணி முறையை நினைத்துச் சொல்கிறேன். இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. ஆள் திரட்டியவர் வெள்ளைக்காரத் துரை அல்லர். நம் ஊர்க் கங்காணிதான். அதே கிராமம், பல நேரம் அதே சாதி. கப்பல் செலவைக் கடனாக எழுதிக்கொள்வார். தோட்டத்தில் எத்தனை பேரை வேலைக்கு இறக்குகிறாரோ அதற்கேற்ப அவருக்குத் தலைக்காசு. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவருடைய கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டுச் சீட்டோடுதான் போக முடியும். அதற்குத் துண்டு முறை என்றே பெயர். இலங்கையில் 1921-இல்தான் அதை ஒழித்தார்கள். மொழி ஒன்று, ஊர் ஒன்று, உறவு ஒன்று என்பதே அங்கே கட்டிப்போடும் கயிறாக இருந்தது.

என் அப்பாவின் தாத்தா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து அப்படிப் போனவர். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் கூலிக்குப் "பேர்" என்று சொல்வார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, சொன்ன அளவு கொழுந்து பறித்தால் அன்றைக்குப் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். என் பாட்டி கடைசிவரை, "அன்னைக்கு எனக்கு அரைப்பேர்தான் போட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மனுஷியின் பெயரைப் பாதியாக வெட்டியதுபோல் எனக்குக் கேட்கும்.

1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. மூன்று தலைமுறை அங்கே உழைத்திருந்தும் "இந்தியத் தமிழர்" என்ற முத்திரை போதுமானதாக இருந்தது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் என்ற ஊரில் முன்பு இலங்கைக்குப் போகிற கூலிகளை நோய்த் தடுப்புக்காக அடைத்துவைத்த முகாம் ஒன்று இருந்தது. திரும்பி வந்த எங்கள் குடும்பம் வந்து இறங்கியதும் அதே மண்டபத்தில்தான்.

அப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. இலங்கையில் பத்தாம் வகுப்புப் போன்ற ஓ-லெவல் படித்திருந்தார். கணக்கு எழுதுவார், சிங்களமும் ஓரளவு ஆங்கிலமும் தெரியும். சேலத்தில் வேலை கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில் குடும்ப அட்டையைப் பார்த்துவிட்டு, "சிலோன்காரரா? உங்களுக்குத் தோட்ட வேலைதானே தெரியும்" என்று ஏற்காட்டுக்கு வழி சொல்லி அனுப்பினார்கள். அவர் ஓ-லெவல் சான்றிதழை எடுத்து நீட்டியிருக்கிறார். அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. தேயிலை பறித்தவர்களின் மகன் காப்பித் தோட்டத்தில் கவாத்து வெட்டப் போனார். இலங்கையில் இந்தியர், இந்தியாவில் சிலோன்காரர். இரண்டு நாட்டிலும் ஒட்டிய பெயர் வேறு, கொடுத்த வேலை ஒன்று. பதினோரு வருடம் கழித்து ஒரு மளிகைக் கடைக்காரர் தற்செயலாக அவருடைய கையெழுத்தைப் பார்த்துக் கணக்குப்பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பதினோரு வருடச் சம்பள வித்தியாசத்தை எந்தப் புள்ளிவிவரத்தில் எழுதுவது?

வளைகுடாவில் ஒரே வேலைக்கு நாட்டைப் பார்த்துச் சம்பளம் தருகிறார்கள் என்பது உண்மையா?

உண்மைதான், குறிப்பாக வீட்டு வேலையிலும் கட்டட வேலையிலும். தொழிலாளியின் நாட்டு அரசு குறைந்தபட்சச் சம்பளத்துக்காக எவ்வளவு பேரம் பேசுகிறது என்பதும் இதில் அடங்கும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்கு அரசின் அனுமதி வேண்டும். இதைத் தொல்லையாக நினைத்துச் சுற்றுலா விசாவில் கிளம்புகிறவர்கள் அந்தப் பாதுகாப்பு முழுவதையும் இழக்கிறார்கள்.

வட மாநிலத்தவர் வந்ததால் சேலத்துப் பிள்ளைகளுக்கு வேலை போகிறதா?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி. கேட்கிறவரின் வயிற்றெரிச்சலும் பொய் இல்லை என்பதால் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

1980-இல் கியூபாவிலிருந்து திடீரென்று வந்து இறங்கியவர்களால் மயாமி நகரத்தின் உழைப்பாளர் எண்ணிக்கை 7 சதவீதம் கூடியது. ஏற்கனவே அங்கிருந்தவர்களின் கூலியோ வேலையோ பெரிதாக அடிபடவில்லை என்று டேவிட் கார்டு 1990-இல் எழுதினார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களின் கூலி இறங்கியது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் பிற்பாடு மறுத்தார். இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வந்தவர்களால் வேலை குறையத்தான் வேண்டும் என்ற நம்பிக்கைக்கு இருவரின் எழுத்திலும் முழு ஆதரவு கிடையாது.

சேலத்தின் வரலாறு இதில் தெளிவாகவே பேசுகிறது. ஜவ்வரிசி என்றால் இன்று நாடே சேலத்தை நினைக்கிறது. 1943-இல், போரினால் வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றுபோயிருந்த நேரத்தில், சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்துதான் இங்கே மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். உள்ளூர்க்காரருக்குக் கிழங்கும் சந்தையும் தெரியும், வந்தவருக்குச் செய்முறை தெரியும். 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் உருவாகும் அளவுக்கு அந்தத் தொழில் வளர்ந்தது. ஏற்காட்டுக் காப்பியும் 1820-களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து நட்டது. இந்த ஊரின் பிழைப்பில் வெளியிலிருந்து வந்தவரின் கை படாத தொழிலைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கூலி குறைவதற்கு உண்மையான காரணத்தையும் சொல்லியாக வேண்டும். ஒடிசாக்காரர், வங்காளி, அசாமியர், ஜார்க்கண்ட் பழங்குடியினர் எல்லோரையும் "இந்திக்காரர்" என்ற ஒரே பெயருக்குள் அடைக்கிறோம். அவர்களில் பலருக்கு இந்தி தாய்மொழியே இல்லை. பெயர் தெரியாத, மொழி தெரியாத, ரேஷன் அட்டை ஊரில் கிடக்கிற ஒருவருக்குக் குறைந்த கூலி கொடுத்தால் கேட்க ஆள் இல்லை என்பது கான்ட்ராக்டருக்குத் தெரியும். அவரை அப்படிக் கேட்பாரற்றவராக வைத்திருப்பதால்தான் நம் பிள்ளையின் கூலியும் இறங்குகிறது. வெளி மாநிலத் தொழிலாளருக்கு உள்ளூர்க்காரருக்குச் சமமான கூலி தர வேண்டும் என்று 1979-இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்க இரு தரப்பும் சேர்ந்து நின்றால் இரண்டு பேரின் அடுப்பும் எரியும். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவியபோது, என் கடைக்கு வழக்கமாக வரும் இளைஞர்கள் நான்கு நாட்கள் வெளியே தலைகாட்டவில்லை. டொரொன்டோவில் என் மகளை எப்படி நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறேனோ அது எனக்கு அந்த நான்கு நாட்களும் நினைவில் ஓடிக்கொண்டே இருந்தது.

மொழியைக் கற்றால் எல்லாம் சரியாகிவிடுமா?

எல்லாம் ஆகாது. ஆனால் மொழியைப்போல் முழுக்க உங்கள் கையில் இருக்கிற வேறெதுவும் இல்லை. ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 என்கிற, நடுத்தரத்துக்குச் சற்று மேலான நிலை ஜெர்மன் கேட்கிறார்கள். தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் வார்டில் நோயாளியின் பேச்சு வழக்குப் புரியாமல் திணறுகிறார்கள். போன பிறகு நம் ஆட்களோடு மட்டும் அறை எடுக்காதீர்கள். ஒரு வருடமாவது அந்த ஊர்க்காரர் ஒருவரோடு தங்கிப் பாருங்கள்.

நம் பிள்ளைகளின் காலத்திலாவது இது மாறுமா?

மாறும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ரான் அப்ரமிட்ஸ்கி, லியா பூஸ்டன் குழுவினர் அமெரிக்காவில் நூறாண்டுக்கும் மேலான தரவுகளைப் பார்த்து 2021-இல் எழுதினார்கள். ஏழ்மையில் வளர்ந்த பிள்ளைகளை ஒப்பிட்டால், குடியேறியவர்களின் பிள்ளைகள், ஏறக்குறைய எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும், உள்நாட்டுப் பெற்றோரின் பிள்ளைகளைவிட மேலே ஏறியிருக்கிறார்கள். வேலை வாய்ப்புள்ள ஊர்களைத் தேடிப் போய்க் குடியேறியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

சட்டம் குறுக்கே நின்றால் இது நடக்காது. மலையகம் அதற்குச் சான்று. குடியுரிமையும் பள்ளிக்கூடமும் கிடைத்த இடத்தில் ஒரே தலைமுறையில் வாழ்க்கை புரண்டுவிடுகிறது. அப்பா கவாத்து வெட்டினார், நான் கடை வைத்திருக்கிறேன், மகள் மென்பொருள் எழுதுகிறாள்.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியவை என்ன?

ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். குடியேற்றச் சோதனை தேவைப்படுகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம். ஒப்பந்தத்தை உங்களுக்குப் புரிகிற மொழியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். போகும் ஊரில் நம்மவர் ஒருவர், நம்மவர் அல்லாதவர் ஒருவர் என்று இரண்டு தொலைபேசி எண்களையாவது தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி தொலைந்தாலும் தாள் இருக்கும்.

இங்கே வருகிற வெளி மாநிலத்தவருக்கு நீங்கள் என்ன செய்து தருகிறீர்கள்?

ரேஷன் அட்டையை இங்கேயே பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதை முதலில் சொல்வேன். பிறகு ஒரு தாள் கொடுப்பேன். இருபது தமிழ்ச் சொற்கள் அதில் இருக்கும்: கூலி, கணக்கு, எடை, பிடித்தம், முன்பணம், விடுமுறை, ரசீது இப்படி. பக்கத்தில் காலி இடம் விட்டிருப்பேன், அவரவர் எழுத்தில் எழுதிக்கொள்ள.

சிவதாபுரத்துப் பட்டறையில் பார்த்த வங்காள இளைஞர் தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்தத் தாளுக்காக வந்தார். ஒவ்வொரு சொல்லையும் நான் சொல்லச் சொல்ல, வெள்ளித் தூள் படிந்த விரல்களால் வங்க எழுத்தில் எழுதிக்கொண்டார். "ரசீது" என்றதும் நிமிர்ந்து பார்த்து, அவர்கள் ஊரிலும் ரசீத்தான் என்றார். கடைசிச் சொல் "பாக்கி". அதை எழுதவே இல்லை. அதுவும் தங்கள் மொழியில் அப்படியேதான் என்று சொல்லிவிட்டு, தனக்கு வர வேண்டிய பாக்கி எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.